உப்புக் கரித்த கூழ்

எனக்குக் கோபம் வரும் என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். ரேணுகாம்பாள் வாயைத் திறந்தால் எதிர்வீட்டுத் தறி நின்றுவிடும் என்று பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்ளட்டும். நான் கோபக்காரிதான், ஆனால் கோபத்தை மூட்டை கட்டி வைத்துக்கொள்கிறவள் இல்லை. கத்துவேன், கத்தி முடித்த கையோடு சோறும் போடுவேன். என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் கத்தாமல் கோபித்துக்கொண்டேன். அது வருஷத்தைத் தாண்டியும் ஆறாமல் கிடந்தது.

அந்தக் கோபம் என் ஓரகத்தி அலமுவின் மேல். என் வீட்டுக்காரர் பரமசிவமும் அவர் தம்பி பழனியும் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் பட்டு நெய்தார்கள். நானும் அலமுவும் ஒரே அடுப்பில் ஆக்கினோம். எனக்குக் குழந்தை இல்லை. அலமுவுக்குக் காந்தா ஒருத்திதான். அலமு பெற்றாள் என்பது பேருக்குத்தான். தலை வாருவது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, ராத்திரி முதுகில் தட்டித் தூங்க வைப்பது எல்லாம் நான்தான். அலமுவும் அதற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சண்டை உப்பில் வந்தது. அலமுவின் தாய்வீட்டில் ஒரு காதுகுத்து. சாம்பாரை நான்தான் ஆக்கி இறக்கினேன். பந்தியில் யாரோ இரண்டாம் தடவையாகத் தண்ணீர் கேட்டார்கள். அலமு சிரித்துக்கொண்டே, எங்கள் அக்காவுக்கு உப்பு விஷயத்தில் கை தாராளம் என்றாள். பந்தியே சிரித்தது. கேலிக்குச் சொன்னதுதான், அவள் மனசில் விஷம் கிடையாது. ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வீடு திரும்பியதும் புழக்கடையில் எனக்கென்று தனியாக ஓர் அடுப்பு போட்டேன். உன் கை உன் சட்டியில், என் கை என் சட்டியில் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அதற்கப்புறம் சுவரிடமும் பேசவில்லை.

அலமுவும் லேசுப்பட்டவள் இல்லை. நீ பேசாவிட்டால் எனக்கென்ன என்று அவளும் வாயை இறுக்கிக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் காந்தாதான் தபால்காரி. முறம் எங்கே என்று பெரியம்மாவைக் கேளு என்பாள் அலமு. நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்று உங்கம்மாவிடம் சொல்லு என்பேன். குழந்தை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பி ஒரு வார்த்தை விடாமல் ஒப்பிப்பாள். அவளுக்கு அது விளையாட்டு. எங்களுக்கும் வசதியாகப் போயிற்று, வெட்கக்கேடு.

ஆனி மாதம் காந்தாவுக்கு அம்மை வார்த்தது.

முதல் நாள் உடம்பு கொதித்தது, அப்புறம் முகமெல்லாம் முத்து. வாசலில் வேப்பிலை செருகினோம். இரண்டு தறியையும் நிறுத்தினார்கள். அம்மா இறங்கியிருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது, சண்டை போடக் கூடாது. என் வாய்க்கு அதைவிடப் பெரிய விரதம் கிடையாது. குழந்தை தலைமாட்டில் நானும் அலமுவும் மாறி மாறி உட்கார்ந்தோம். நான் எழுந்தால் அவள் உட்காருவாள், அவள் எழுந்தால் நான் உட்காருவேன். வேப்பிலைக் கொத்து கை மாறும். அப்போதும் எங்களுக்குள் ஒரு பேச்சு இல்லை. குழந்தை கண்ணைத் திறக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஊமைகளாட்டம் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொள்வாள்.

முத்து இறங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். காய்ச்சல் போய்விட்டது, தர்மாஸ்பத்திரி டாக்டரும் இனிமேல் பயமில்லை, வெறும் பலவீனம்தான் என்று சொல்லிவிட்டார். எங்கே பயம் போகிறது? குழந்தை எழுந்திருக்கவே இல்லை. கால் ஊன்றி நிற்க வைத்தால் துணி மாதிரி மடங்கி விழுந்தாள். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன வேணும் என்றால் ஒன்றும் வேணாம் என்பாள். முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே தெருமுனையிலிருந்து, பெரியம்மா பசிக்குது என்று கத்திக்கொண்டு வருகிற குழந்தை அது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க மாட்டோமா என்று எனக்கு உள்ளே கிடந்து துடித்தது. இப்படியே கரைந்து போய்விடுவாளோ என்ற பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒருத்தியிடம்தான் எனக்குப் பேச்சு இல்லையே.

தெருக்கோடி அம்மன் கோயிலில் போய் நின்றேன். தாயே, அவள் எழுந்து ஒரு வாய் பசியோடு சாப்பிடட்டும், ஆடி ஞாயிற்றுக்கிழமை என் கையால் கூழ் காய்ச்சி ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பூசாரியிடம் எங்கள் வீட்டுக் கூழுக்கு ஓர் இடம் வைக்கச் சொன்னபோது அந்த மனுஷர் சிரித்தார். அலமு முந்தின நாளே வந்து இதையேதான் சொல்லிவிட்டுப் போனாளாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறிற்று. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் ஆணை பிறப்பிக்கிற ரகம் இல்லை, அன்றைக்கென்னவோ ஒரே பேச்சில் முடித்துவிட்டார். குழந்தை ஒன்று, வேண்டுதல் ஒன்று, அண்டாவும் ஒன்றுதான் என்றார். குழந்தை எழுந்த பிற்பாடு ஊற்றுவதாகத்தானே வேண்டுதல் என்று நான் இழுத்தேன். கடன்காரனாட்டம் காத்திருக்காமல் நாம் முதலில் நன்றி சொல்லிவிடுவோம், உயிரைத் திருப்பிக் கொடுத்தாளே அது போதாதா என்று கேட்டார். ஆனால் நான் முடிச்சை விடவில்லை. இந்தக் கூழ் நல்லபடியாக ஊற்றி முடிந்தால் குழந்தை எழுந்துவிடும், கூழில் குறை வந்தால் அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன். அலமுவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னாள்.

கூழுக்குக் கேழ்வரகு முசரவாக்கத்து விவசாயி தர்மன் விளைவித்தது. வருஷா வருஷம் வண்டியில் கொண்டுவந்து தெருவுக்கு அளந்துவிட்டுப் போகிறவர். மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தது நான். நொய் புடைத்தது அலமு. சனிக்கிழமை சாயங்காலம் புழக்கடைத் தாழ்வாரத்தில் கல் கூட்டி அண்டாவை ஏற்றினோம். நொய் கொதித்ததும், உப்பு வைக்கிற மரக்கிண்ணமான மரவையைத் திறந்து இரண்டு கையும் சேர்த்து ஓர் அள்ளு அள்ளிப் போட்டேன். அந்த அண்டாவுக்கு அதுதான் கணக்கு. அம்மாவுக்குப் படைக்கிற கூழைப் படைப்பதற்கு முன்னால் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, அது எங்கள் தெருவில் கண்டிப்பு. விரலில் ஒட்டியதைக்கூட நக்காமல் கழுவிவிடுவோம். ஆகவே உப்பின் அளவு கையில்தான் இருக்க வேண்டும். மரவையின் மேல் தட்டை மூடிவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அலமு மாவை ஊற்றித் துடுப்பு போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். கட்டி தட்டாமல் நன்றாகவே கிண்டினாள். நான் ஒரு துடுப்பை எடுத்து எதிர்ப்பக்கம் நின்றேன். இருவரும் ஒரே அண்டாவைக் கிண்டினோம், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. கூழ் வெந்து பளபளவென்று வந்ததும் நெருப்பை இழுத்துவிட்டுத் தணலில் விட்டோம். அந்த நேரம் தெருவில் பம்பைச் சத்தம் கேட்டது, கரகம் வந்துகொண்டிருந்தது. இருவரும் வாசலுக்கு ஓடி ஆளுக்கொரு பக்கமாக நின்று கும்பிட்டோம். குழந்தை உள்ளே படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கரகம் கடந்து போனதும் திரும்பி வந்து அண்டாவை மூடினோம்.

காலையில் புழக்கடைப் படியில், தாழ்வாரத்து ஓட்டின் கீழ் நனையாமல், கல்லுப்பு சிந்திக் கிடந்ததைப் பார்த்தேன். உப்பைக் காலால் மிதிக்கலாமா? இந்த அலமுவுக்குக் கை சிக்கனம் என்று பேர், சிந்துவதைப் பார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கூட்டி அள்ளினேன். ராத்திரி முழுக்கத் தூறிக்கொண்டிருந்த மழை விடியலிலும் விடவில்லை. தெருவில் தறிக்குப் பாவு விரிக்க வந்தவர்கள் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். தூறல் நின்றதும் கூழில் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, என் வீட்டுக்காரரும் இன்னும் நாலு பேருமாக அண்டாவைத் தோள் கொடுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைக்குக் காவலாகக் கொழுந்தனார் பழனி வீட்டில் இருந்துகொண்டார்.

படையல் ஆயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. எங்கள் தெருவில் கூழ் ஊற்றுவதற்கு ஒரு முறை உண்டு. முதல் சொம்பு தானியம் விளைவித்த ஆளுக்கு. அப்புறம்தான் மற்றவர்களுக்கு. ஊற்றுகிறவள் ஒவ்வொரு சொம்புக்கும் தலை குனிந்து, குடிச்சதுக்கு நல்லா இரு என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். வந்து வாங்கிக் குடித்ததற்கு நாம்தான் நன்றி சொல்கிறோம். அவர்கள் வராவிட்டால் நம் கூழை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்?

தர்மனைக் கூப்பிட்டேன். ஆறடி ஆள், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து சொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து குடித்தார். நடுவில் ஒரு தடவை நிறுத்தினார், கண்ணில் தண்ணீர் தளும்பியது. பக்தி என்று நினைத்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். குடிச்சதுக்கு நல்லா இரு என்று குனிந்தேன். அவர் நகரவில்லை. கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"எங்க கேவுரு இப்பிடிக் கரிக்காதும்மா. அடுத்த ஆளுக்கு ஊத்தறதுக்கு முன்ன நீ ஒரு வாய் பாரு."

உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தேன். சமுத்திரம். நாக்கு சுருண்டுவிட்டது. அந்த மனுஷர் எப்படி ஒரு சொம்பு முழுக்கக் குடித்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. எதிரே கோயில் வாசலிலிருந்து தெரு பாதி வரைக்கும் சொம்பும் தூக்குமாக ஆட்கள் நின்றார்கள். இதைத்தான் அம்மாவுக்குப் படைத்திருக்கிறோம். இதை யார் குடிப்பார்கள்? குடிக்காமல் சாக்கடையில் ஊற்றுவார்கள். அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. குழந்தை எழுந்திருக்க மாட்டாள். ஒன்றன் பின் ஒன்றாக இதெல்லாம் மனசில் ஓடிற்று.

பக்கத்தில் அலமு வெங்காயத் தட்டோடு நின்றாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவளிடம் பேசிய முதல் பேச்சு இவ்வளவுதான்.

"அலமு, நீ உப்பு போட்டியா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "போட்டேங்க்கா. மரவை மூடியே இருந்துது. நீ போடலேன்னு நெனச்சுக்கினேன்."

"நானும் போட்டுட்டேன்டி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"வேற எதையாச்சும் கேட்டிருப்பேன். உப்பைப் பத்தி உன்னாண்ட எப்பிடிக்கா கேக்கறது?"

அவள் குரல் உடைந்தது. எனக்குக் கத்த வரவில்லை. அவள் சொன்னது நியாயம். நான் என்னதான் கோபக்காரியாக இருந்தாலும் நியாயத்தின் மேல் கோபப்படத் தெரியாது. வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது, கேட்கவும் முடியாது என்றால் அவள்தான் என்ன செய்வாள்? இரண்டு அள்ளுக்கு இவ்வளவா கரிக்கும் என்று ஒரு சந்தேகம் அப்போதே தட்டியது. அதை யோசிக்க நேரம் இல்லை, வரிசையில் முன்னால் நின்றவர்கள் என்ன தாமதம் என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அலமு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ராமலிங்கம் வீட்ல பாவுக் கஞ்சி இருக்குது."

அவள் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நெசவு தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழையை, அதுதான் பாவு, அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டுக் காய வைப்பார்கள். அப்போதுதான் இழை விறைப்பாக நிற்கும். அந்தக் கஞ்சியில் ஒரு கல் உப்புகூட விழக் கூடாது, விழுந்தால் இழையும் ஜரிகையும் கெட்டுவிடும். கஞ்சி காய்ச்சுகிற இடத்துக்கு உப்பு மரவையையே கொண்டுவர விடமாட்டார்கள். அன்றைக்கு விடியலில் பாவுக்குப் போட எதிர்வீட்டு ராமலிங்கம் வீட்டில் முந்தின ராத்திரி கஞ்சி காய்ச்சியிருந்தார்கள். தூறலால் பாவு விரிக்கவில்லை. கஞ்சி பானையிலேயே இருந்தது.

கரண்டியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, ஒருத்தரும் வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஓடியதைப் பார்த்துத் தெருவே வேடிக்கை பார்த்தது. வீட்டில் அடிதடி என்று சிலர் நினைத்துக்கொண்டார்களாம்.

ராமலிங்கம் லேசில் மசிகிற ஆள் இல்லை. பாவுக் கஞ்சி பட்டுக்குக் காய்ச்சியது, பட்டு குடிப்பதற்கு முன்னால் மனுஷர் வாயில் படக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். எண்ணெய்கூட இன்னும் சேர்க்கவில்லை, சுத்தமான அரிசிக் கஞ்சிதான் என்று அவர் சம்சாரம் செல்லியம்மாள் சொன்னாள். அதற்கும் அவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். வேறொரு நாளாக இருந்தால் நான் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கோ கையைக் கூப்பி, குழந்தைக்கு வேண்டிக்கொண்ட கூழ் கெட்டுப்போச்சு அண்ணா என்று மட்டும்தான் சொன்னேன். ரேணுகாம்பாள் கை கூப்பி நிற்பதை அவர் அதுவரைக்கும் பார்த்ததில்லை. பானையின் மூடியை எடுத்துவிட்டார்.

"எடுத்துக்கினு போங்கம்மா. பாவு ஒரு நாள் பட்டினி கெடந்தா அறுந்துடாது."

பானை பெரிசு. ஒருத்தியால் தூக்க முடியாது. விளிம்பை நான் ஒரு பக்கமும் அலமு ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். காலடி ஒத்துப் போகாவிட்டால் கஞ்சி ததும்பும். மெதுவா, இந்தப் பக்கம் பள்ளம், கொஞ்சம் நில்லு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தோம். நாங்கள் கோயிலை அடைவதற்குள் செல்லியம்மாள் அடுத்தடுத்த வீடுகளில் குரல் கொடுத்துவிட்டாள். அன்றைக்குப் பாவு போட இருந்த வீடுகளிலிருந்தெல்லாம் கஞ்சிப் பானைகள் வந்து இறங்கின. ஒரு வீட்டு அண்டா போதவில்லை, கோயில் அண்டாவையும் எடுத்து வைத்துப் பாதியாகப் பிரித்தோம்.

ஊற்றிக் கலந்து என் உள்ளங்கையில் எடுத்து அலமுவிடம் நீட்டினேன். அவள் குனிந்து என் கையிலிருந்தே உறிஞ்சினாள். இன்னும் கரிக்கிறது என்றாள். இன்னொரு பானை. இப்போது? இன்னும் கொஞ்சம். போதுமா? இரு, பார்க்கிறேன். இப்படி ஒவ்வொரு பானைக்கும் கேட்டுக் கேட்டு ஊற்றினோம். கடைசியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, போதும்க்கா, அமிர்தமாட்டம் இருக்குது என்றாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. உட்காரவில்லை, கரண்டியைப் பிடித்தேன்.

அன்றைக்கு ஊற்றின ஊற்று அந்தக் கோயிலில் அதற்கு முன்னால் ஊற்றியதில்லை. தெருக்காரர்கள் குடித்தார்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் குடித்தார்கள். காமாட்சி கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து குடித்தார்கள். பாவுக் கஞ்சி கலந்ததால் கூழ் வெண்ணெயாக வழுவழுவென்று தொண்டையில் இறங்கிற்று. என்ன பக்குவம் இது என்று கேட்டவர்களுக்கு அலமு என்னைக் காட்டினாள், நான் அலமுவைக் காட்டினேன். தர்மன் இரண்டாம் தடவையும் வந்து நின்றார். இந்தத் தடவை பயப்படாமல் குடிங்க என்று நான் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் இடுப்புத் துண்டே அவிழ்ந்துவிட்டது. ஒவ்வொரு சொம்புக்கும் நானும் அலமுவும் குனிந்து, குடிச்சதுக்கு நல்லா இரு என்று சொன்னோம். சொல்லச் சொல்ல, முறைக்குச் சொல்வது போய் மனசாரச் சொல்ல ஆரம்பித்திருந்தேன். ராமலிங்கம் வரிசையில் வந்தபோது ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொன்னேன்.

அண்டாவில் அடியில் மிஞ்சியதைக் காந்தாவுக்கென்று ஒரு சொம்பில் வழித்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டோம். வழியில் எனக்குத் திரும்பப் பயம் பிடித்துக்கொண்டது. கூழ் தப்பித்தது. ஆனால் முதலில் படைத்தது கரித்ததுதானே? அலமுவிடம் சொல்லிவிட்டேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம் என் பயத்தைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் கிடைத்தாள். அவளும் அதேதான் நினைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். சொம்பை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

உள்ளே போனால் கொழுந்தனார் தறிப் பலகையில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குழந்தையின் படுக்கை காலி.

எனக்கு உயிரே போய்விட்டது. அலமு ஐயோ என்று பின்பக்கம் ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். புழக்கடைப் படியில் காந்தா உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அணைந்துபோன அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி இதுதான்.

"பெரியம்மா, கூழ்ல உப்பு சரியா இருந்துதா?"

நாங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றோம். ஏன் கேக்குறே என்றாள் அலமு.

"நேத்து நீங்க ரெண்டு பேரும் கரகம் பாக்கப் போனீங்க இல்ல? நீங்கதான் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்க மாட்டீங்களே. ரெண்டு பேரும் மறந்துட்டா என்ன பண்றது? நானும் படுத்துக்கினு இருந்தேன், சொல்லி அனுப்ப ஆள் இல்லை. அதான் எழுந்து வந்து நானே போட்டேன்."

"நீயா வந்தே? நடந்தா?"

"செவத்தப் புடிச்சுக்கினு. படியில கொஞ்சம் சிந்திடிச்சு. திட்டாதே."

எவ்வளவு போட்டாய் என்று கேட்டேன். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக் காட்டினாள். என்னைப் பார்த்துப் பழகின அதே அள்ளு. அலமு அப்படியே படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் இரண்டையும்தான் செய்துகொண்டிருந்தேன். நாங்கள் காலையில் கோயிலில் கதிகலங்கி நின்ற அந்தக் கரிப்பு, எங்கள் குழந்தை முந்தின சாயங்காலமே எழுந்து நடந்துவிட்ட சேதி. அம்மா வேண்டுதலைப் படையலுக்கு முன்னாலேயே தீர்த்துவிட்டாள். நாங்கள்தான் அது தெரியாமல் தெரு முழுக்க ஓடியிருக்கிறோம்.

"பசிக்குது பெரியம்மா" என்றாள் காந்தா.

சொம்பைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடக்மடக்கென்று குடித்தாள். பாதியில் நிறுத்தி, கூழ் மீசையோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தபால்காரியின் பழைய குரலில், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நடுவில் பார்த்துச் சொன்னாள்.

"உப்பு கம்மியா இருக்குது."

நான் மரவையை எடுத்துத் தட்டை விலக்கினேன். கை உள்ளே போனது, பாதியில் நின்றது. அலமுவைப் பார்த்தேன்.

"நீ போட்டியா?"

"இல்லக்கா. நீ போடு."

ஒரே ஒரு கல் போட்டேன்.